நாலில் மட்டும் அடிக்கிற காற்று

ஒரு சித்திரை மாத நடுப்பகலில், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது, என் பழைய காரின் ப்ளோயர் ஒரு புது வழக்கத்துக்கு மாறியது. குமிழை நாலாம் நம்பரில் வைத்தால் புயல் அடிக்கும். மூன்றுக்கு இறக்கினால் மூச்சே இல்லை. இரண்டிலும் ஒன்றிலும் அதே கதை. பின்னிருக்கையில் இருந்த அம்மா, "ஒண்ணு உறைய வைக்குது, இல்லேன்னா வேக வைக்குது" என்றார். ஊர் போய்ச் சேர்ந்ததும் பட்டறையில் ரெசிஸ்டரை மாற்றினார்கள். இருபது நிமிட வேலை.

எட்டு மாதத்தில் அதே கோளாறு திரும்பி வந்தது. இந்த முறை புதுச் சாமான் கைவசம் இல்லை. எலெக்ட்ரீஷியன் அந்த ரெசிஸ்டர் தகட்டில் இருந்த சின்னஞ்சிறு வெப்ப ஃபியூஸின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து ஈயம் வைத்தார். "டைரக்டா குடுத்துட்டேன் சார், இனிமே போகவே போகாது" என்றார். அவர் சொன்னது உண்மை. அது இனிப் போகாது. போக வேண்டிய நேரத்திலும் போகாது. அந்த வார்த்தையின் கனம் எனக்குப் புரிய ஆறு மாதமும், இங்கிலாந்தில் எரிந்துபோன சில கார்களைப் பற்றிய வாசிப்பும் தேவைப்பட்டன. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ப்ளோயர் இருக்கும் இடம். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இடப்பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். ஓரமெங்கும் மெல்லிய தகடுகள் நிற்கும் பிளாஸ்டிக் உருளை ஒன்று, அதைச் சுழற்ற 12 வோல்ட் மோட்டார் ஒன்று. கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலிருந்து வெளிக்காற்றையோ, காருக்குள் இருக்கும் காற்றையோ அது இழுக்கிறது. அந்தக் காற்று ஃபில்டரைக் கடந்து, மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று அழைக்கும் ஈவாபரேட்டரில் குளிர்ந்து, தேவைப்பட்டால் ஹீட்டர் காயிலில் சூடாகி, சில மடல்கள் திறந்து மூடும் கணக்கில் முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ போகிறது. குளிருக்கும் வெப்பத்துக்கும் கண்ணாடியின் பனியைப் போக்கவும் இந்த ஒரே விசிறிதான். 1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடல் கார்களுக்கு முதன்முதலாக ஏசி பொருத்தித் தந்தபோது, டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்ட அந்த எந்திரத்துக்கு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பே கிடையாது. குளிர் போதும் என்றால் ப்ளோயரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இன்று குமிழ்களும் திரைகளும் எத்தனையோ வந்துவிட்டன. ப்ளோயர் நின்றால் அவை அத்தனையும் அலங்காரம்.

கோளாறைத் தேடத் தொடங்குகிறவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எந்த நம்பரில் ஓடுகிறது? சத்தம் இருக்கிறதா, காற்று இருக்கிறதா? காற்று இருந்தும் குளிர்ச்சி இல்லையா? இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான், ரெசிஸ்டர் போன காருக்கு கேஸ் ஏற்றுவதும், ஃபில்டர் அடைத்த காருக்கு மோட்டார் மாற்றுவதும் நடக்கின்றன.

நாலில் மட்டும் ஓடினால் விடை ஏறக்குறைய உறுதி. கையால் திருப்பும் குமிழ் உள்ள கார்களில், கீழ் வேகங்களுக்கான மின்சாரம் ரெசிஸ்டரின் கம்பிச் சுருள்கள் வழியாகப் போகிறது. உச்ச வேகத்தில் அது சுருள்களைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. ஆகவே ரெசிஸ்டர் செத்தாலும் நாலாம் நம்பர் பிழைத்திருக்கும். ஒன்றில் மட்டும் ஓடாமல் மற்றவற்றில் ஓடினால் ஒரு சுருள் அறுந்திருக்கலாம். ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒரே நாளில் ஒன்றாகப் போனால், சுருள்களுக்குப் பொதுவாக இருக்கும் வெப்ப ஃபியூஸ்தான் பெரும்பாலும் உருகியிருக்கும். கீழ் வேகங்கள் இருந்து உச்ச வேகம் மட்டும் இல்லையென்றால் ரெசிஸ்டரைச் சந்தேகிப்பது வீண். உச்ச வேகத்துக்கான ரிலே, ஸ்விட்ச், அதன் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இதுவரை எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். ரெசிஸ்டர் ஏன் செத்தது என்பதில்தான் நம் பட்டறைகள் அவசரப்படுகின்றன. என் அனுபவத்தில், ப்ளோயர் வழக்குகளில் செத்துக்கிடக்கும் பாகம் சாட்சி. குற்றவாளி பக்கத்தில் எங்கோ நிற்கிறான்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு, முதல் வேகத்துக்கான சுருளின் தடை 2 ஓம், மோட்டாரின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சீராகச் சுழலும்போது 3.5 ஆம்பியர் ஓடினால், சுருளில் ஏறத்தாழ 25 வாட் வெப்பம் பிறக்கும். அது ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்னின் வெப்பம். இதைத் தாங்கத்தான் ரெசிஸ்டரைக் காற்றுப் பாதையிலேயே பொருத்தியிருக்கிறார்கள். ப்ளோயர் அடிக்கும் காற்றே அதைக் குளிர்விக்கும். இப்போது மோட்டார் துருப்பிடித்து இறுகி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் மோட்டார் மின்னோட்டத்துக்குக் கொடுத்துவந்த எதிர்ப்பு மறைந்துவிடுகிறது. 12 வோல்ட்டை இரண்டரை ஓம் எதிர்கொள்ளும்போது 4.8 ஆம்பியர் ஓடும். சுருளின் வெப்பம் 46 வாட். ஏறக்குறைய இரண்டு சால்டரிங் அயர்ன்கள், பிளாஸ்டிக் பெட்டிக்குள், காய்ந்த இலைகளுக்கு நடுவே, ஊதிக் குளிர்விக்கக் காற்று இல்லாமல். ப்ளோயருக்கான பெரிய ஃபியூஸ் 30 ஆம்பியரோ 40 ஆம்பியரோ இருக்கும். 4.8 ஆம்பியர் அதற்குப் பொருட்டே இல்லை. அது உருகப் போவதில்லை. அந்த நேரத்தில் காரைக் காப்பாற்ற இருப்பது, என் எலெக்ட்ரீஷியன் ஈயம் வைத்து மூடிய அந்தச் சின்ன வெப்ப ஃபியூஸ் ஒன்றுதான்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மோட்டார் "லோடு தாங்காமல்" அதிக மின்சாரம் இழுத்து எரிகிறது என்று பலர் சொல்வதுண்டு. இந்த வகை விசிறிக்கு அது பொருந்தாது. வேக்குவம் கிளீனரின் குழாயை உள்ளங்கையால் அடைத்துப் பாருங்கள். மோட்டார் திணறாது, கீச்சென்று இன்னும் வேகமாகச் சுற்றும். தள்ளுவதற்குக் காற்று குறைந்தால் வேலையும் குறைகிறது. அடைத்த ஃபில்டரின் கெடுதல் வேறு வகை: ரெசிஸ்டருக்கும் மோட்டாருக்கும் கிடைக்க வேண்டிய குளிர்ச்சி கிடைக்காமல் போகிறது. மின்சாரம் கூடுவதற்கான காரணத்தை மோட்டாரின் அச்சில் தேட வேண்டும்: காய்ந்துபோன புஷ், தேய்ந்த கார்பன், உருளையில் சிக்கி உரசும் குப்பை. மோட்டார் வயரை கிளாம்ப் மீட்டரின் வாயில் விட்டு, உச்ச வேகத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த மாடலுக்கு உரிய அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால், எத்தனை ரெசிஸ்டர் மாற்றினாலும் அத்தனையும் போகும். எனக்கு எட்டு மாதத்தில் திரும்பி வந்த கோளாறின் காரணம் இதுதான். காலையில் முதல் முறை ப்ளோயரைப் போடும்போது ஒரு 'கீச்' சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். புஷ் காய்ந்திருப்பதை மோட்டார் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டது என் தவறு.

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸஃபீரா பி என்ற ஏழு இருக்கைக் குடும்பக் கார், 2005 முதல் 2014 வரை விற்பனையில் இருந்தது. பிள்ளைகுட்டிகளோடு போகிறவர்கள் விரும்பி வாங்கிய வண்டி. அதில் டேஷ்போர்டின் இடப்பக்கம், ப்ளோயர் இருக்கும் பகுதியில் தொடங்கிய தீ நூற்றுக்கும் மேற்பட்ட கார்களைச் சாம்பலாக்கியது. 2015இன் இறுதியில் ஏறத்தாழ 2,35,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. ஏசி இல்லாதவையும், கையால் இயக்கும் ஏசி உள்ளவையும்தான் சிக்கல். தானியங்கிக் கட்டுப்பாடு உள்ளவை அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, சிக்கல் ரெசிஸ்டர் உள்ள கார்களில். நிறுவனம் முதலில் சொன்ன காரணம், ரெசிஸ்டரின் வெப்ப ஃபியூஸை யாரோ முறையின்றிப் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்பது. நம் ஊர் மொழியில், டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பழுதுபார்த்துத் திருப்பிக் கொடுத்த கார்களிலும் தீப்பிடித்தது. 2016இல் இரண்டாவது முறை திரும்ப அழைத்தார்கள். ஈரம் புகுந்து துருப்பிடித்து இறுகும் மோட்டாரின் பக்கம் கவனம் அப்போதுதான் போனது. ரெசிஸ்டரோடு மோட்டாரையும் மாற்றினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு இதை விசாரித்து, 2017 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் நிறுவனத்தின் தாமதத்தைக் கடுமையாகச் சாடியது.

எனக்கு இதில் உறைப்பது, ஒரு பெரிய கார் நிறுவனமும் முதல் சுற்றில் என் எலெக்ட்ரீஷியனைப் போலத்தான் யோசித்தது என்பது. எரிந்த பாகத்தைப் பார்த்தார்கள். அதை எரியவைத்த பாகத்துக்கு வர இன்னொரு சுற்று தேவைப்பட்டது. அமெரிக்காவிலும் 2017 நவம்பரில் பிஎம்டபிள்யூ தன் 3 சீரிஸ் கார்களில், 2006 முதல் 2011 வரையான மாடல்களில், ஏறத்தாழ 6,70,000 வண்டிகளை ப்ளோயருக்கான வயரும் கப்ளரும் சூடேறும் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. வயரைச் செருகும் அந்தக் கப்ளரை நம் பட்டறைகளில் யாரும் மதிப்பதில்லை. ஊசிமுனை தளர்ந்து கருகியிருக்கும் பழைய கப்ளரிலேயே பளபளவென்ற புது ரெசிஸ்டரைச் செருகிவிடுகிறார்கள். தளர்ந்த இணைப்பில் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் இணைப்பு மேலும் தளரும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் கப்ளரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எந்த நம்பரிலும் ஓடவில்லையென்றால் தேடல் வேறு. முதலில் ஃபியூஸ். உருகியிருந்தால் புதியது போடுங்கள். அதுவும் போனால் பெரிய ஃபியூஸைத் தேடாமல் காரணத்தைத் தேடுங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால், மோட்டார் கப்ளரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, குமிழை நாலில் வைத்து, அங்கே ஒரு டெஸ்ட் லாம்ப்பை இணைத்துப் பாருங்கள். விளக்கு நன்றாக எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் வருகின்றன, குறை மோட்டாரில். எரியாவிட்டால் ரிலே, ஸ்விட்ச், எர்த். மல்டிமீட்டர் மட்டும் வைத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஒற்றை இழையில் தொங்கும் வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும்; சுமை ஏற்றினால்தான் அதன் குட்டு வெளிப்படும். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் சில மோட்டார்கள் உயிர்பெற்றுச் சுற்றத் தொடங்கும். கார்பன் தேய்ந்து தொட்டும் தொடாமலும் இருப்பதன் அடையாளம் அது. ஊர் போய்ச் சேர உதவும். சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது.

தானியங்கி ஏசி உள்ள கார்களில் கம்பிச் சுருள் ரெசிஸ்டர் இருக்காது. அதன் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் மாட்யூல், கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு மின்சாரத்தை விடும். அது கெட்டால் ப்ளோயர் அடியோடு நிற்கலாம், அல்லது நிறுத்தவே முடியாமல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். வேகம் தானாகக் கூடிக் குறைந்தால் உடனே கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆட்டோவில் வைத்திருந்தால் அது அதன் வேலை.

அடுத்தது, சத்தம் காதைப் பிளக்கிறது, காற்று மட்டும் வரவில்லை என்கிற வழக்கு. இதில் பத்துக்கு எட்டு கேபின் ஃபில்டர்தான் என்று என் மெக்கானிக் நண்பர் பந்தயம் கட்டுவார். பங்குனி, சித்திரையில் வேப்பமரத்தடியில் கார் நிறுத்துகிறவர்கள் ஃபில்டரை உருவிப் பார்த்தால், ரசம் வைக்கும் அளவுக்குக் காய்ந்த வேப்பம்பூ கிடைக்கும். எலி கூடு கட்டியிருப்பதும் புதிதல்ல. நம் ஊரில் விலை குறைந்த கார்கள் பலவற்றில் அந்த ஃபில்டரே இல்லாமல் வந்த காலம் உண்டு. அவற்றில் தூசி நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும், ஈரத்தோடு சேர்ந்து சேறாகும். அதைச் சுத்தம் செய்யப் பல மாடல்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது துணி அல்ல. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள், அதன் விளிம்பில் போட்டிருக்கும் அம்புக்குறியின் திசை பார்த்துச் செருகுங்கள். மரத்தடியில் நிறுத்தும்போது உள்காற்று நிலையில் வைத்துவிட்டு இறங்கினால், வெளிக்காற்றின் வாசல் மூடியிருக்கும். பூவும் சருகும் உள்ளே இறங்குவது குறையும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகிறதா? ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி வந்து, காரின் அடியில் தண்ணீர் ஒழுகினால், கூலிங் காயில் உறைந்து பனிக்கட்டி காற்றை அடைத்திருக்கிறது என்று பொருள். அந்தக் காயில் உறைநிலைக்குப் போகாமல் கம்ப்ரசரை நிறுத்திக் காக்கும் தெர்மிஸ்டரையும், கேஸின் அளவையும் பார்க்க வேண்டும். ப்ளோயர் மேல் எந்தப் பாவமும் இல்லை. காற்று பலமாக இருந்து முகத்துக்கு வராமல் காலுக்கு மட்டும் போனால் மடலோ, அதை அசைக்கும் சின்ன மோட்டாரோ சிக்கியிருக்கிறது. டேஷ்போர்டுக்குள் பல்லி கொட்டுவதுபோல 'டிக் டிக்' என்று விடாமல் கேட்டால், அந்தச் சின்ன மோட்டாரின் பற்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

காற்று தாராளமாக வருகிறது, குளிர்ச்சி இல்லை என்பது ப்ளோயரின் எல்லைக்கு வெளியே. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். ஏசி கேஸ் பெட்ரோல்போல ஓடிய தூரத்துக்குச் செலவாவதில்லை. ரப்பர் குழாய்கள் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிது கசியும், அவ்வளவே. வருடா வருடம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றுகிறவர் உங்கள் பணத்தைக் காற்றில் விடுகிறார்.

வெப்பக் காற்றின் பக்கம் தமிழ்நாட்டில் பேச ஆளில்லை, ஊட்டிக்குப் போகும்வரை. டிசம்பர் இரவில் குன்னூர் தாண்டி ஏறும்போது ஹீட்டரைத் திருப்பினால் குளிர்ந்த காற்றே வருகிறது. ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. எஞ்சினின் கூலன்ட் 90 டிகிரி சுமாருக்குச் சூடாகி ஹீட்டர் காயிலில் ஓடினால்தான் வெப்பம். கீழே சமவெளியில், எஞ்சின் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்த மெக்கானிக்கின் கைங்கரியம் இங்கேதான் தெரியவரும். வால்வு இல்லாத எஞ்சின் மலைக் குளிரில் சூடே ஏறாமல் ஓடும். அது ஹீட்டருக்கு மட்டும் நஷ்டமில்லை, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ஹீட்டரைப் போட்டதும் இனிப்பான வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் வந்தால் ஹீட்டர் காயில் கசிகிறது.

கண்ணாடியில் படியும் பனியைப் போக்க ஹீட்டர் மட்டும் போதாது. உள்ளே படியும் ஈரத்தைப் போக்க, ஏசியையும் வெப்பத்தையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்றைத் திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். கூலிங் காயில் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கி அனுப்பும். சென்னையின் புழுக்கமான மழை இரவில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஏசியால் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரம் படியும். அதற்கு வைப்பரை ஒரு வீச்சு வீசி, குளிர்ச்சியைக் குறைத்தால் போதும்.

காலடியில் தண்ணீர் தேங்குவதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. கூலிங் காயிலில் வடியும் நீர் ஒரு ரப்பர் குழாய் வழியே சாலையில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே நின்று, கார்பெட்டை நனைக்கும். சில மாடல்களில் மோட்டார் வரை போகும். ஏசி ஓடும் காரின் அடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைப் பார்த்துப் பதறாதீர்கள், விழாவிட்டால் பதறுங்கள்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தக் கவலைகள் தீருமா? தீராது. ஹீட்டருக்கு எஞ்சின் சூடு இல்லாததால் உயர் மின்னழுத்தத்தில் ஓடும் தனி ஹீட்டரோ ஹீட் பம்ப்போ வந்திருக்கிறது. உயர் மின்னழுத்தத்துக்கான ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் கை வைக்கக் கூடாது. ஃபில்டரும் வேப்பம்பூவும் எலியும் அப்படியேதான் இருக்கின்றன. இந்தக் கவலை லாரிகளுக்கும் வந்துவிட்டது: 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். எம்-சாண்ட் புழுதியிலும் சிமெண்ட் தூசியிலும் நாளெல்லாம் ஓடும் அந்த ப்ளோயர்களுக்கு, 10,000 கிலோமீட்டர் கணக்கெல்லாம் கட்டுப்படியாகாது.

என் காரில் கடைசியில் மோட்டார், ரெசிஸ்டர், கப்ளர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். கழற்றிய ரெசிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஈயம் வைத்த இடத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது, அதன்மேல் பாதி கருகிய வேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது. நீங்களும் ப்ளோயர் வேலை முடிந்ததும் பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "டைரக்டா குடுத்துட்டேன்" என்று காதில் விழுந்தால், அந்த வயரை எடுக்கும்வரை சாவியை வாங்காதீர்கள். புது ரெசிஸ்டர் வர நான்கு நாள் ஆகும் என்றால், நான்கு நாளும் நாலாம் நம்பரிலேயே ஓட்டுங்கள்.